பெயர் சாவியாகுமா?

1

ஸ்கிரிப்ட் மொழிகள் எனப்படும் நிரலாக்க மொழிகளைப் பயிலத் தொடங்கும் மாணவரை முதலிற் கவர்வது, ஒரு பெறுமானத்தைப் பெயரொன்றின் கீழ் இட்டுவைத்து, அப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அதனை மீளப் பெறும் வசதியாகும். தரவுகளை வரிசையாக அடுக்கி, ஏழாவது, எட்டாவது என எண்ணிக்கொண்டிருந்த நிலையை இவ்வசதி மாற்றியது. 1977ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் உருவான ஓக் மொழியும், 1987இல் வெளியான பேர்ள் மொழியும், 1991இல் வெளியான பைதனும், 1995இல் வெளியான பிஎச்பியும் இதனைத் தத்தம் முறையில் வழங்கின. பைதன் மொழியில் இதற்கு அகராதி என்று பெயர். பெறுமானத்தைச் சுட்டும் பெயர் சாவி எனப்படும்.

இன்று இலங்கையில் க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திற் பைதன் இடம்பெறுகிறது. அம்மொழியைப் பயிலும் மாணவர் நண்பரின் பெயர்களைச் சாவிகளாகவும், அவர்தம் பரீட்சைப் புள்ளிகளைப் பெறுமானங்களாகவும் கொண்டு முதற் பயிற்சியைச் செய்வது இயல்பு. பத்துப் பேர் கொண்ட பயிற்சிக்கு இது தகும். ஆனால் பயிற்சி பழக்கமாகின்றது. பழக்கம் பட்டத்துடன் சேர்ந்து அலுவலகத்துக்குச் செல்கின்றது. அங்கே நிவாரணப் பட்டியலாகவும், நோயாளர் பதிவேடாகவும், வாக்காளர் இடாப்பாகவும் உருக்கொள்கின்றது. மனிதருக்கு அவருடைய பெயரே சாவி என்னும் எண்ணம் இவ்வாறு எவருடைய ஆராய்ச்சிக்கும் உட்படாமலே நிலைபெற்றுவிடுகின்றது.

இவ்வெண்ணம் பிழையானது. தமிழிற் பெயரெழுதும் மக்கள் அனைவருக்கும் இது பொருந்தாதது. கிழக்கிலங்கைக் கரையோரத்து முஸ்லிம் மக்களுக்கோ இது தீங்கே பயப்பது. பெயரை மதிப்போர் பெயரைச் சாவியாக்கலாகாது என்பதனைக் கல்முனைப் பிரதேசத்தை முன்வைத்து நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

சாவி எவ்வாறு இயங்குகின்றது என்பதை முதற்கண் தெளிந்துகொள்ளல் வேண்டும். கணினி பெயரின் பொருளை அறியாது. அதன் ஒலியையும் அறியாது. பெயரின் எழுத்துகள் ஒவ்வொன்றும் அதனுள்ளே ஓர் எண்ணாகவே நிற்கின்றன. அவ்வெண்களைக் கொண்டு ஒரு கணிப்பைச் செய்து, பெறுமானம் வைக்கப்படவேண்டிய இடத்தை அது தீர்மானிக்கின்றது. அதே பெயர் மீண்டும் தரப்படும்போது அதே கணிப்பு அதே இடத்தைக் காட்டுகின்றது. தரவுகள் பத்தாயினும் பத்து இலட்சமாயினும் தேடல் ஏறத்தாழ ஒரே விரைவில் நிகழ்வது இதனாலேயாம்.

இவ்விரைவுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, தேடும் பெயரும் வைத்த பெயரும் எண்ணுக்கு எண் ஒன்றாதல் வேண்டும். ஓர் எழுத்து மாறினும், ஈற்றிலே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டாலும், அது வேறு சாவியாகிவிடும். இரண்டாவது, ஒரு சாவிக்கு ஒரு பெறுமானமே உண்டு. அதே சாவியின் கீழ் மற்றொரு பெறுமானத்தை இட்டால் முன்னையது அழிந்துபோம்.

இவ்விரண்டாவது நிபந்தனையே பெரிதும் அஞ்சத்தக்கது. இல்லாத சாவியைத் தேடும்போது பைதன் பிழை என்று அறிவிக்கும். ஆனால் இருக்கும் சாவியின் மேல் புதிய பெறுமானத்தை எழுதும்போது அது வாய் திறவாது. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை, நிரல் இனிதே நிறைவுறும். பட்டியலில் ஒருவர் குறைந்திருப்பார்; குறைந்தவர் இன்னார் என்பதற்கு யாதொரு தடயமும் எஞ்சியிராது. முதலாவது நிபந்தனை ஒருவரை இருவராக்குகின்றது. இரண்டாவது நிபந்தனை இருவரை ஒருவராக்குகின்றது. பெயரைச் சாவியாகக் கொள்ளும் பதிவேடு எதுவும் இவ்விரு கேடுகளினின்றும் தப்பாது.

3

இக்கேடு ஏட்டளவில் நிற்பதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 10,000க்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தினர். நாட்டின் மாவட்டங்களுள் ஆகக்கூடிய உயிரிழப்பைக் கண்டது அதுவே. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என அடுத்தடுத்துக் கிடக்கும் கரையோர ஊர்கள் ஒரு காலைப் பொழுதிற் சிதைந்தன. பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் தஞ்சம் புகுந்தோரிற் பலரிடம் அடையாள அட்டை இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை. குடும்பப் படம்கூட இல்லை. எஞ்சியிருந்தது வாயாற் சொல்லக்கூடிய பெயர் ஒன்றே. காணாமற்போனோரைத் தேடுவோர் அப்பெயர்களைச் சுமந்துகொண்டே முகாமுக்கு முகாம் அலைந்தனர்.

அவ்வனர்த்தத்தை அடுத்து இலங்கையின் கணினி வல்லுநர்கள் தன்னார்வத்தோடு ஒன்றுகூடி உருவாக்கியதே சஹானா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருள். லங்கா மென்பொருள் மன்றத்தின் அனுசரணையோடு வளர்ந்த இத்திட்டம் பிஎச்பி என்னும் ஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்டது. காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, நிறுவனங்களின் பதிவேடு என்பன அதன் உறுப்புகளாயிருந்தன. 2005இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் ஏற்பட்டபோதும் அது பயன்படுத்தப்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. இம்மென்பொருளில் ஒவ்வொரு மனிதருக்கும் பெயரினின்று வேறான அடையாளக் குறியொன்று வழங்கப்பட்டது. பெயர் அக்குறியின் கீழ் அமையும் தகவல்களுள் ஒன்றாகவே வைக்கப்பட்டது. அனர்த்தத்தின் நடுவே நின்று சிந்தித்தோர் கண்ட முடிவு இது. அமைதியான வகுப்பறையில் அமர்ந்து கற்போரும் கற்பிப்போரும் இதனைக் காணத் தவறுவது வியப்புக்குரியது.

கல்முனையிலே நிகழ்ந்து உலகறிந்த மற்றொரு செய்தி இதனை மேலும் விளக்கும். ஆழிப்பேரலை நாளில், பெற்றோரைப் பிரிந்த சில மாதக் கைக்குழந்தையொன்று கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டது. அக்குழந்தைக்குப் பெயர் சொல்வார் எவருமில்லை. அன்றைய அனுமதிகளில் அது 81ஆவது. ஆகவே 81ஆம் இலக்கக் குழந்தை எனப்பட்டது. பெற்றோர் பலர் அதனைத் தமதென்று கோரியதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்று, மரபணுச் சோதனையின் முடிவைக் கொண்டு, 2005 பெப்ரவரியில் குழந்தை தன் பெற்றோரிடம் சேர்ந்தது.

இங்கே இலக்கம் செய்த பணி யாது? அக்குழந்தை இன்னாருடையது என்று அது தீர்ப்பளிக்கவில்லை. இன்னாருடையது அன்று என்றும் சொல்லவில்லை. உண்மை துலங்கும்வரை குழந்தையைப் பதிவேட்டில் இழந்துவிடாமற் காத்தது, அவ்வளவே. முதலில் வந்தவர் சொன்ன பெயர் சாவியாகியிருப்பின், பதிவேடே ஒரு கட்சியின் சாட்சியாகியிருக்கும். பொருளற்ற எண் எவர் பக்கமும் சாயாது. சாவியாவதற்கு அதுவே அதன் தகுதி.

4

இனிக் கரையோர முஸ்லிம் மக்களின் பெயர் வழக்கை நோக்குவோம். மேலைநாட்டுப் படிவங்கள் எதிர்பார்க்கும் குடும்பப் பெயர் இம்மக்களிடம் இல்லை. தந்தையின் பெயரும் தன் பெயரின் முற்பகுதியும் முதலெழுத்துகளாகச் சுருங்கி முன்னிற்க, அழைக்கும் பெயர் பின்னிற்கும். அம்முதலெழுத்துகளும் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் ஒலிப்பாகவே எழுதப்படும். ஏ.எல். என்பது ஆதம்லெவ்வையாகலாம், அகமதுலெவ்வையாகலாம், அப்துல் லத்தீப் ஆகலாம். எம்.ஐ. என்பது முகம்மது இஸ்மாயிலாகலாம், மீரா இப்றாகீமாகலாம். முதலெழுத்தும் பெயரும் ஒன்றாகவுள்ள இருவர் ஒரே வீதியில் வாழ்தல் அரிதன்று.

முகம்மது என்னும் ஒரு பெயரே எத்துணை வடிவங் கொள்கின்றது என்பதைக் காண்க: முகம்மது, முகமது, முஹம்மது, முஹம்மத், முஹம்மட், மொஹமட். பாத்திமா, பாதிமா, ஃபாத்திமா என்பன ஒரே பெயர். லெவ்வை என்பதும் லெப்பை என்பதும் ஒரே சொல். இவற்றுள் எது சரி, எது பிழை என்று வினவுதல் பொருந்தாது. அறபு மொழியின் ஒலிகள் சிலவற்றுக்குத் தமிழில் எழுத்தில்லை. ஒருவர் கிரந்த எழுத்தைக் கையாள்கிறார். மற்றொருவர் தமிழ் எழுத்தையே கையாள்கிறார். வேறொருவர் ஆங்கிலப் பிறப்புச் சான்றிதழில் உள்ளதைத் தமிழொலியில் மீட்டெழுதுகிறார். ஒரே மனிதரின் பெயர் பிறப்புப் பதிவில் ஒருவாறும், பாடசாலை இடாப்பில் வேறொருவாறும், வங்கிக் கணக்கில் பிறிதொருவாறும் அமைவது இதனாலேயே.

பெயரைச் சாவியாகக் கொண்ட பதிவேட்டில் இத்தகைய மனிதர் மூவராவர். அவர் பெயரையொத்த பெயருடைய அயலவர் இருவர் ஒருவராவர். மூவராகிப்போனவர் தமக்குரியதனைத் திரும்பத் திரும்ப நிரூபிக்கும்படி கேட்கப்படுவார். ஒருவராகிப்போன இருவருள் ஒருவர் தமக்குரியதனை இழப்பார். பதிவேட்டின் குறை ஏழையின் தலையிற் சுமத்தப்படுவது இவ்வாறே.

5

மனிதர் எழுதும் வேறுபாட்டை விடுத்து, எழுத்து ஒன்றேயாயினும் கணினி அதனை இரண்டாகக் காணும் நிலையும் தமிழில் உண்டு. 1991இல் வெளியான ஒருங்குறி நியமத்தின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அந்நியமத்தில் ஒகர உயிர்மெய்க்குறியை இருவகையாகப் பதியலாம்: ஒற்றைக் குறியீடாகப் பதியலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இரு குறியீடுகளாகவும் பதியலாம். பொத்துவில் என்னும் ஊர்ப் பெயரின் முதலெழுத்து ஒரு முறையில் இரண்டு குறியீடுகளாகவும், மறு முறையில் மூன்று குறியீடுகளாகவும் நிற்கும். திரையில் இரண்டும் ஒன்றேயாம், அச்சிலும் ஒன்றேயாம். ஆனால் சாவியாக நிற்கும்போது அவை இரு வேறு ஊர்கள். திருக்கோவிலுக்கும் கோமாரிக்கும் ஓகாரத்தால் இதே கதி நேரும். மொஹமட் என்று எழுதப்படும் பெயருக்கும் இதுவே விதி.

இவ்விரு பதிவுகளையும் ஒன்றாகவே கொள்ளல் வேண்டும் என ஒருங்குறி நியமம் விதிக்கின்றது. ஒன்றாக்கும் முறையையும் வகுத்துத் தருகின்றது. ஆனால் நிரலாக்க மொழி அதனைத் தானாகச் செய்வதில்லை. 2008இல் வெளியான பைதனின் மூன்றாம் பதிப்பு, மாறிகளுக்குத் தமிழிற் பெயரிட இடமளித்து, அப்பெயர்களை ஒழுங்குபடுத்தியும் கொள்கின்றது. மேற்கோட் குறிகளுக்குள் அமையும் சாவியை அது தொடுவதில்லை. அங்கே ஒழுங்குபடுத்துவது நிரல் எழுதுவோரின் கடமை. அக்கடமை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தொடக்கநிலை நூல்களிற் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஆங்கில எழுத்துகளை மட்டும் கையாள்வோருக்கு அக்கடமை நேர்வதில்லை. மொழிபெயர்த்த பாடத்தை மட்டும் படித்துத் தேறிய தமிழ் மாணவர் தமது மொழிக்குரிய இடர்ப்பாட்டை அறியாமலே வெளியேறுகிறார்.

இதற்கு முன்னைய தலைமுறைப் பதிவுகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இலங்கையில் நெடுங்காலம் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில், கல்முனை என்று திரையிற் தோன்றுவது உள்ளே தமிழே அன்று. ஆங்கில எழுத்துகளான எஃப், வய், பின் ஓர் அரைப்புள்ளி, கே, ஐ, டி என்பனவே அங்குக் கிடக்கின்றன. அவற்றுக்குத் தமிழ் முகமூடி அணிவிப்பது எழுத்துருவின் வேலை. அவ்வெழுத்துருவில் தட்டச்சான பழைய பட்டியலையும் ஒருங்குறியில் அமைந்த புதிய பட்டியலையும் ஊர்ப் பெயரைச் சாவியாகக் கொண்டு இணைக்க முனைவோர், கல்முனையைக் கல்முனையிலே தேடிக் காணாது திகைப்பர்.

6

எழுத்து முற்றிலும் ஒத்திருந்தாலும் ஊர்ப் பெயர் சாவியாகாது. கல்முனை என்பது ஒரு நகரின் பெயர். பாராளுமன்றத் தேர்தற் தொகுதியொன்றின் பெயர். 2001இல் அமைந்த மாநகர சபையின் பெயர். பிரதேச செயலகத்தின் பெயர். கல்வி வலயத்தின் பெயர். பிராந்திய சுகாதார சேவைகள் பிரிவின் பெயர். இவற்றின் எல்லைகள் ஒன்றல்ல. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தின் தகுதி பற்றி 2019இல் உண்ணாவிரதம் இருக்குமளவுக்குச் சர்ச்சை எழுந்தது. சாய்ந்தமருதுக்குத் தனியான நகர சபை 2020 பெப்ரவரியில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டுச் சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. இவ்வழக்குகளில் நியாயம் எவர் பக்கம் என்பது இங்கு ஆராயப்படும் பொருளன்று. ஆயின், எல்லையே வழக்காக உள்ள ஓரிடத்தின் பெயரைச் சாவியாக்குவோர், தாம் அறிந்தோ அறியாமலோ அவ்வழக்கில் தீர்ப்பெழுதுகிறார் என்பது மட்டும் உறுதி.

காலமும் பெயரின் பொருளை மாற்றுகின்றது. 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்படும்வரை கல்முனை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. கல்முனைப் பட்டின சபையோடு கரவாகு வடக்கு, கரவாகு தெற்கு, கரவாகு மேற்கு என்னும் கிராம சபைகளும் 1987வரை தனித்தனியே இயங்கின. இன்றைய மாணவர் கரவாகு என்னும் சாவியைக் கொண்டு எந்த அலுவலகப் பட்டியலைத் திறப்பார்? மாவட்டத்தின் பெயரே நிருவாகத்தில் அம்பாறை எனவும், தேர்தலில் திகாமடுல்ல எனவும் வழங்குகின்றது. ஒரு பொருளுக்கு இரு சாவிகள் என்பதற்கு இது சான்று.

ஒரு சாவிக்கு இரு பொருள் என்பதற்குச் சுகாதாரப் புள்ளிவிவரம் சான்றாகும். சுகாதார அமைச்சின் பிரிவுகளில் கல்முனை தனிப் பிரிவு. கரையோரப் பகுதியின் நோய்த் தரவுகள் அதன் கீழ் வருகின்றன. அம்பாறை என்னும் தலைப்பின் கீழ் வருவன எஞ்சிய பகுதிக்குரியன. குடிசன மதிப்பீட்டிலோ அம்பாறை என்பது கரையோரம் உட்பட முழு மாவட்டத்தையும் குறிக்கும். இவ்விரு அட்டவணைகளையும் பெயரைச் சாவியாகக் கொண்டு இணைக்கும் மாணவர், ஒரு பகுதியின் நோயாளர் தொகையை முழு மாவட்டத்தின் சனத்தொகையால் வகுப்பார். அம்பாறையிற் டெங்கு குறைவு என்னும் இனிய முடிவு அவருக்குக் கிட்டும். கல்முனை என்னும் வரியோ, அதற்கு இணையான மாவட்டம் இல்லையென்று கைவிடப்படும். நிரல் பிழையின்றி ஓடும்; ஆய்வுக்குப் புள்ளியும் கிடைக்கலாம். ஆனால் நுளம்புக் கடிக்கு ஆளான கரையோர மக்கள் அந்த ஆய்வில் இல்லை.

7

இக்கருத்துக்கு எதிராக எழக்கூடிய வாதங்கள் நான்கு. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குதல் தகும்.

முதலாவது, பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிவிட்டாற் சிக்கல் தீரும் என்பது. இது நோயைக் காட்டிலும் கொடிய மருந்து. முகம்மது என்பதற்குத் தமிழில் ஆறு வடிவங்கள் இருப்பின் ஆங்கிலத்தில் அதனினும் மிகுதி. ழகரம், ளகரம், லகரம் மூன்றும் அங்கே பெரும்பாலும் ஒன்றாய் விடுகின்றன. எழுத்தின் வேறுபாட்டால் நேர்ந்த இடரை எழுத்தையே கைவிடுவதால் தீர்க்க முடியாது.

இரண்டாவது, தமிழிலேயே ஒரு சீரான எழுத்துமுறையை விதித்து எல்லாப் பெயரையும் அதற்கேற்பத் திருத்திவிடலாம் என்பது. தமிழ்ப் பற்றின் பெயரால் கிரந்த எழுத்தை நீக்குவோரும், மார்க்கப் பற்றின் பெயரால் அறபு ஒலிப்பையே வற்புறுத்துவோரும் இவ்விடத்தில் ஒரே அணியில் நிற்கின்றனர். இரு சாராரும் மறப்பது ஒன்றுண்டு: பெயர் அதனைத் தாங்குவோருக்கு உரியது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த முஸ்லிம்கள் அறபு எழுத்திலே தமிழை எழுதியபோது, அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளிற் புதிய குறிகளை இட்டு அறபுத்தமிழை ஆக்கிக்கொண்டனர். எழுத்துக்காகத் தமிழைக் குறைக்கவில்லை. தமிழுக்காக எழுத்தை விரித்தனர். கருவிக்காக மனிதரின் பெயரைத் திருத்துவோர் அம்முன்னோரினும் பின்தங்கியவரே.

மூன்றாவது, தேசிய அடையாள அட்டையின் இலக்கத்தைச் சாவியாக்கலாம் என்பது. முதலிரண்டையும் விட இது அறிவார்ந்த வாதம்; எனினும் போதாது. அவ்விலக்கம் பொருளற்ற எண் அன்று. பிறந்த ஆண்டும், நாளும், ஆண் பெண் என்னும் வேறுபாடும் அதனுள் அடங்கியுள்ளன. அதனை எங்கும் சாவியாக்குதல் அவற்றை எங்கும் பறைசாற்றுதலாகும். ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய வடிவம் ஒழிந்து, 2016 முதல் 12 இலக்க வடிவம் வழக்கில் வந்தமையால், ஒரே மனிதர் இரு வடிவங்களிலும் பதியப்பட இடமுண்டு. யாவற்றுக்கும் மேலாக, சிறுவருக்கு அடையாள அட்டையே இல்லை. ஆழிப்பேரலை கொண்டுபோன குழந்தைகளை எந்த அட்டை இலக்கத்தின் கீழ் எழுதுவது?

நான்காவது வாதம் தமிழ் கற்போரிடமிருந்தே எழுவது. மனிதரை எண்ணாக்கலாமா? சிறைக்கூடத்தின் வழக்கத்தைப் பதிவேட்டுக்குக் கொண்டுவரலாமா? பெயரன்றோ மனிதரின் மாண்பு? இவ்வினாவின் பின்னுள்ள உணர்வு உயர்ந்தது, முடிவு தலைகீழானது. பெயர் சாவியாகும்போதே அது கணினியின் கட்டளைக்கு அடிமையாகின்றது. இன்னொருவருக்கு இருத்தலாகாது, மாறுதலாகாது, இரு வடிவங்கொள்ளலாகாது, எழுத்துப் பிசகலாகாது என்னும் விலங்குகள் எல்லாம் அதன்மேல் விழுகின்றன. அவ்விலங்குகளை எண்ணின்மேல் ஏற்றிவிட்டாற் பெயர் விடுதலை பெறும். அப்போது ஒருவர் தம் பெயரை விரும்பியவாறு எழுதலாம், மாற்றிக்கொள்ளலாம், பள்ளிக்கூடத்துப் பெயரையும் வீட்டுப் பெயரையும் ஒருங்கே வைத்துக்கொள்ளலாம். அவரைப் பதிவேடு இழக்காது. எண் மனிதரை மறைப்பது பெயரை நீக்கி அவ்விடத்தில் எண்ணை வைக்கும்போதே. எண்ணின் கீழே பெயரை முழுமையாக வைப்பது பெயருக்குக் காவலிடுவதாகும்.

8

பெயர் மட்டும் ஒருவரைச் சுட்டப் போதாது என்பது இக்கரையோரத்துக்குப் புதிய செய்தியன்று. கிழக்கிலங்கையின் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிமுறை நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. கோயிற் கடமைகளிலும் பள்ளிவாசல் மரைக்காயர் தெரிவிலும் குடி கருத்திற் கொள்ளப்பட்டு வந்தது. திருமண உறவு பேசும்போது குடி வினவப்படும். ஊருக்குள் ஒருவரை விசாரிக்கும் முதியவர் பெயரைக் கேட்டதும் நின்றுவிடுவதில்லை. எந்தக் குடி, யாருடைய மகன், எந்த வளவு என்று தொடர்ந்து வினவியே ஆளை அறிந்துகொள்வார். எழுத்தறியாத முதியவருக்கும் தெரிந்த உண்மை இது: பெயர் விசாரணையின் தொடக்கமே அன்றி முடிவன்று.

ஆதலின், பெயரைத் தேடும் வழியாகக் கொள்ளல் தவறன்று. ஆளைத் தீர்மானிக்கும் சாவியாகக் கொள்வதே தவறு. இவ்வேறுபாட்டை நிரலில் அமைப்பது கடினமுமன்று. பதிவு செய்யப்படும் ஒவ்வொருவருக்கும் முதற் பதிவின்போதே பொருளற்ற இலக்கமொன்று வழங்கப்படல் வேண்டும், அது மாறலாகாது, ஒருவர் இறந்த பின்னரும் பிறருக்குக் கொடுக்கப்படலாகாது. அவ்விலக்கத்தின் கீழே, அவர் தம் பெயரை எவ்வாறு எழுதுகிறாரோ அவ்வாறே தமிழிற் பதிதல் வேண்டும்; வேறு வடிவங்கள் இருப்பின் அவையும் உடன் நிற்கலாம். பெயரால் தேடுவதற்குப் பிறிதோர் அகராதி அமையலாம். அதிற் சாவியாவது ஒருங்குறி விதிப்படி ஒழுங்குபடுத்தப்பட்ட பெயர். அதன் பெறுமானம் ஓர் ஆள் அன்று, அப்பெயருடையோர் அனைவரின் இலக்கங்களும் அடங்கிய பட்டியல். தேடுவோர்முன் பலர் வந்து நிற்பர். அவர்களுள் இன்னார் என்பதை மனிதரே விசாரித்துத் தெளிவர்.

இடங்களுக்கும் இதுவே நெறி. அம்பாறை மாவட்டத்துக்கு ஐஎஸ்ஓ 3166-2 நியமத்தில் 52 என்னும் குறி உண்டு, மட்டக்களப்புக்கு 51. அத்தகைய குறியோடு, இன்ன ஆண்டின் எல்லை, இன்ன நிருவாகத்தின் எல்லை என்பதும் சேர்ந்தாலன்றி எந்த அட்டவணையும் மற்றொன்றோடு இணைக்கப்படலாகாது.

பல்கலைக்கழகங்களுக்கு இவ்விடத்தில் ஒரு பொறுப்புண்டு. 1996இல் முழுப் பல்கலைக்கழகமாகிய ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கல்முனைக்கு அண்மையிலேயே நிற்கின்றது. யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் மாணவர் கணினியியல் கற்கின்றனர். அவர்கள் எழுதும் முதற் பயிற்சி, ஒரே பெயருடைய இரு மாணவரின் புள்ளிகளை இழக்காமற் சேமிப்பதாக அமைதல் வேண்டும். இரண்டாவது பயிற்சி, பொத்துவில் என்னும் சொல்லை இருவகையாகத் தட்டச்சு செய்து, இரண்டும் ஏன் வேறு சாவிகளாயின என்று விளக்குவதாக அமைதல் வேண்டும். இவ்விரண்டையும் செய்து முடித்தவர் ஆங்கில நூலின் எந்த அதிகாரமும் கற்பிக்காத பாடத்தைக் கற்றவராவர். தமிழ்த் துறையினரும் இதனைக் கணினித் துறையின் தனியுரிமை என்று ஒதுங்கி நிற்கலாகாது. எழுத்தும் பெயரும் அவர்தம் பொருள்களே.

பெயர்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதும், பலவாறு எழுதப்படுவதும் மக்களின் குற்றமல்ல. அஃது ஒரு சமூகத்தின் சமயமும் மொழியும் உறவும் கூடி விளைந்த செல்வம். அச்செல்வத்தைத் தாங்கமாட்டாத பதிவேடு திருத்தப்படல் வேண்டும், பெயர் திருத்தப்படலாகாது.